மாதப்பனுக்கு மட்டும் பகல்

"அநியாயத்தைப் பாருங்க சார்!"

ஃபரீதா நீட்டிய காகிதத்தைப் பரமசிவம் வாங்கிக்கொண்டார். பர்சனல் மேனேஜர்தான், ஆனால் கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு உள்ளூர உதறல்.

"ஒண்ணும் புரியலையேம்மா."

அந்த ஓசூர் கம்பெனியில் ஃபரீதா சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஆறு மாதம் சி ப்ளஸ் ப்ளஸ் படித்த சூடு இன்னும் ஆறாத பெண். முன்பு இருந்த மூர்த்தி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட, அவன் எழுதிய ஷிப்ட் புரோகிராம் இவள் கைக்கு வந்திருந்தது.

"தொழிலாளிங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு கிளாஸ், அதாவது ஒரு விதித் தொகுப்பு, எழுதியிருக்கு சார். அதுல 'ஷிப்ட் போடு'ன்னு ஒரு ஃபங்ஷன். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் நைட்டுன்னு மாத்தி மாத்திப் போடும். மூர்த்தி சார் அதுக்குக் கீழே தனியா ஒரு கிளாஸ் வச்சு, அதே பேர்ல வேற மாதிரி எழுதியிருக்காரு. இது வந்துட்டா மேல இருக்குற பொது விதி செல்லாது. ஓவர்ரைடிங்னு சொல்லுவாங்க."

"யாருக்கும்மா செல்லாது?"

"ஒரே ஒரு ஆளுக்கு. டோக்கன் நம்பர் 214. அவருக்கு எப்பவும் பகல்தான்."

பரமசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் மாதப்பன்! உத்தனப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வருகிறவன்.

"இன்னும் கேளுங்க. அதே பேர்ல மூணாவதா ஒண்ணு. மத்ததுக்கு ஒரு டோக்கன் கொடுத்தாப் போதும், இதுக்கு ரெண்டு கொடுக்கணும். பேரு ஒண்ணுதான், கொடுக்கிறதைப் பொறுத்து வேலை மாறும். ஓவர்லோடிங். முதல் ஆளோட நைட்டை எடுத்து ரெண்டாவது ஆள் தலையில கட்டிடுது. அந்த ரெண்டாவது ஆள் லால் பாஷா. ரெண்டு வருஷமா எல்லா வாரமும் அவருக்கு நைட்டு சார்!"

"அடப்பாவி. அந்த பாய் வாயில்லாப் பூச்சியாச்சே! முதல்ல அதைத் தூக்கும்மா."

தூக்கிவிட்டாள். இரண்டையும் அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை புதுப் பட்டியலை ஒட்டியபோது, ஒரு ஏழைக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமை அவளுக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்லலாம் என்று தேடினால், லால் பாஷா ஊத்தங்கரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை நைட் ஷிப்டுக்கு வந்த மாதப்பன், கேன்டீனிலிருந்து திரும்பும் வழியில் ஸ்கிராப் குழிக்குள் விழுந்தான். நெற்றியில் ஏழு தையல். தையல் போட்ட டாக்டர் சந்தேகப்பட்டுக் கண்ணையும் சோதித்தார். மாலைக்கண். பொழுது சாய்ந்தால் அவனுக்கு எதிரில் நிற்கும் ஆள்கூடத் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்று இத்தனை நாள் மறைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை வேலை போய்விட்டது.

கணக்கு முடிக்கும் காகிதத்தில் கையெழுத்து வாங்க அவன் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தான். தூசி ஆகாது என்று எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டிய அறை. அவன் வாசலில் காலையும் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?" ஃபரீதா காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"சொன்னா அன்னிக்கே அனுப்பியிருப்பாங்க மேடம். ரெண்டு வருசமா இந்தக் கம்ப்யூட்டரு எனக்குப் பகலாவே போட்டுக் குடுத்துது. எனக்கு மட்டும் ஏன்னு எனக்கே புரியல. தெனம் இந்தப் பக்கம் பாத்துக் கும்புட்டுக்கினுதான் மெசின்ல கை வைப்பேன்."

போகும்போது அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் தலை மறைந்ததும் ஃபரீதா விசும்பி விசும்பி அழுதாள். மூர்த்தி இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறான். ஆனாலும் ஒருவனுக்கு இரங்க இன்னொருவனை வதைக்கலாமா? லால் பாஷாவுக்காவது நல்லது செய்தோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை லால் பாஷாவே வந்தார். ஊரிலிருந்து வந்த பையோடு, மூச்சு வாங்க, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத் தூக்கம் முழுக்கக் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"மாதப்பன் போயிட்டானாம்மா?"

"போயிட்டாரு சாச்சா. எனக்கும் மனசே ஆறல. ஆனா உங்களுக்கு நடந்ததும் அக்கிரமம்தானே? மூர்த்தி சார் இரக்கப்படட்டும், வேண்டாங்கல. உங்களை ஒரு வார்த்தை கேக்காம உங்க தலையில எப்படிக் கட்டலாம்?"

லால் பாஷா பையைக் கீழே வைத்தார்.

"அந்தத் தம்பி கேட்டாரும்மா. தாங்குவீங்களா பாய்னு மூணு தடவை கேட்டாரு. ராத்திரியில அவன் தட்டுத் தடுமாறி நடக்கிறதப் பாத்துட்டு, மாதப்பனுக்குத் தெரிய வேணாம், அவன் நைட்டை என் பேர்ல எழுதிடுங்கன்னு நான்தான் அவர் கையப் புடிச்சுக் கெஞ்சினேன்."