கடைசி அரை மணி நேரம்

“அப்ப அது என்ன நானா?”

ஜெயந்தினி கை நீட்டிய பக்கம் கடையில் நின்ற எல்லாருமே திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கார ஜௌபர் நானாவின் தலைக்கு மேலே, மேல் தட்டில், பழைய பாட்டுக் கெசட்டுகளுக்குப் பின்னால் ஒரு டிவிடி தலை நீட்டிக்கொண்டிருந்தது.

ஜௌபர் திரும்பவில்லை. “அது இப்பதான் வந்திச்சு புள்ள.”

“இப்ப வந்ததுல இவ்வளவு தூசியா?”

யாரோ சிரித்தார்கள்.

பண்டாரவளையில் ஜௌபரின் டிவிடி கடைக்குத் தோட்டங்களில்தான் அங்கத்தவர்கள் அதிகம். மாதச் சந்தா கட்டிவிட்டால் டவுனுக்கு வரவே தேவையில்லை. பார்க்க ஆசைப்படும் படங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் போதும். பின்னேர பஸ்ஸில் இரண்டு படங்கள் வந்து இறங்கும். அவற்றைத் திருப்பி அனுப்பினால் அடுத்த இரண்டு.

தீபாவளி நெருங்கிய நாளிலிருந்து, பூனாகலைத் தோட்டத்து ஜெயந்தினியின் துண்டில் முதல் பெயர் ஒன்றேதான். ஜௌபர் அதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அனுப்புவார். கேட்டால், “வெளிய போயிருக்கு”, “கீறல் விழுந்திருச்சு”, “கொழும்புல சொல்லி வச்சிருக்கு” என்று கண்டக்டர் வாயால் ஒரு பதில் வரும். “நல்ல படத்த எல்லாம் டவுன் ஆளுகளுக்குத்தான் குடுப்பான்” என்று தோட்டத்து லய வீடுகளில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். இன்று ஜெயந்தினி வேலைக்குப் போகாமல் நேரிலேயே வந்துவிட்டாள்.

“ஏன் நானா இப்புடிச் செய்றீங்க? தோட்டத்துக்காரிதானே, என்னத்தக் கேக்கப் போறானு நெனச்சீங்களா?”

“அப்படி இல்ல புள்ள.”

“அந்தப் படத்தோட முடிவு எனக்குத் தெரியாது நானா.”

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பூனாகலைக்காரர்கள் டவுன் தியேட்டரில் பார்த்த எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாது. மெட்னி ஷோ முடியும் முன்பே கடைசி பஸ் கிளம்பிவிடும். அங்கே வில்லன் கத்தியைத் தேடும்போது, இங்கே தோட்டத்து ஜனம் இருட்டில் செருப்பைத் தேடும்.

கல்யாணமான புதிதில் ஜெயந்தினியும் சுரேசும் சேர்ந்து பார்த்த ஒரே படம் அது. கதாநாயகன் கதாநாயகியை ரயில் ஏற்றிவிடும் இடத்தில் எழுந்து ஓடிவந்தார்கள். மீதி என்னவாகியிருக்கும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை பிடித்தார்கள். அடுத்த மாதமே சுரேஸ் வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டான்.

“நீ தனியா பார்த்துறாத. லீவுல வந்ததும் ரெண்டு பேருமா பார்ப்போம். படத்த மட்டும் எடுத்து வச்சிரு.” போகும்போது சொன்னது இது. டிவிடி பிளேயரை அனுப்பியதும், ஜௌபர் கடைக்குப் பேசி அவளைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். லீவு மட்டும் கிடைக்கவில்லை.

“தீபாவளிக்கு வருவாருன்னு இருந்தேன். பொங்கலும் போயிருச்சு. இப்ப போன்கூட வர்றதில்ல.” ஜெயந்தினியின் குரல் இறங்கிவிட்டது. “படமாச்சும் வீட்டுல இருந்தா, ஆளும் வந்துருவாருன்னு மனசுக்கு ஒரு தெம்பு. குடுத்துருங்க நானா.”

ஜௌபர் ஸ்டூலில் ஏறினார். டிவிடியை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

“உங்களுக்கிட்ட செல்லக் கூடாதுன்டுதான் இருந்தேன். உங்கட மாப்பிள்ள எனக்குப் போன் கோல் எடுத்தான்.”

“அவரா? உங்களுக்கா?” மேசையைப் பிடித்துக்கொண்டாள். “எப்புடி இருக்காரு? குரல் எப்புடி இருந்திச்சு நானா?”

“நல்லா ஈக்கிறான். வேல கூடவாம். இந்தப் படத்த ஆருக்கும் குடுக்க வேணாமாம். அவன் வந்து அவன்ட கையாலயே எடுத்துக்கொண்டு போவானாம். அதுதான் ஒளிச்சி வச்சேன்.”

ஜெயந்தினி முந்தானையால் அந்த டிவிடியின் தூசியைத் துடைத்தாள். ஓரம் விடாமல் துடைத்து, அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

“அப்ப இங்கயே இருக்கட்டும். வேற யாரு கேட்டாலும் குடுத்துறாதீங்க.”

“இல்ல புள்ள.”

“ஏசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க நானா.”

வேறு இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, வந்தபோது இருந்த முகம் அடியோடு மாறி, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.

கடையில் ஆள் குறைந்ததும், மூலையில் டிவிடிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த ஜௌபரின் மனைவி ஸித்தி ஸுபைதா கேட்டாள்.

“இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மாப்பிள்ள. கேக்கவே ஆசையா ஈக்கிது. எப்ப கோல் எடுத்தான்? எனக்கிட்ட நீங்க செல்லவே இல்லயே.”

ஜௌபர் மறுபடி ஸ்டூலில் ஏறி, டிவிடியை முன்பைவிட உள்ளே தள்ளி வைத்தார்.

“தீபாவளிக்கு முந்தின கிழம. ஒரு தரம்தான் எடுத்தான்.”

“என்ன சென்னான்?”

ஜௌபர் கீழே இறங்கி உட்கார்ந்தார்.

“‘அந்தப் படத்த அவகிட்ட குடுத்துருங்க நானா. நான் இனி வரமாட்டேன், அவ தனியாவே பார்த்துக்கட்டும்’ன்டான்.”