ரெண்டு வருஷ பிளான்

"நிறுத்தச் சொல்லுடா. இன்னைக்கு நிறுத்தினாத்தான் இந்த இடத்தை விட்டு எந்திரிப்பேன்னு சொல்லு."

ஆனந்தவல்லி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகன் வேலை பார்க்கும் வடக்கத்தி ஊரில், வாகட் மெயின் ரோட்டில் இருந்த அந்த மொபைல் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஏசி ஓடியும் புழுங்கியது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் 'வைஷாலி' என்று பெயர் குத்தியிருந்தது.

பக்கத்தில் நின்ற மகன் கேஷவ் நெளிந்தான். "அம்மா, மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். ஏமாத்தினவங்களுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதுக்கு?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. மன்னார்குடியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த புதிதில், போன தீபாவளி சமயம், இதே கடையில்தான் ஒரு போன் பிளானுக்குக் கையெழுத்துப் போட்டாள். "சும்மா ஒரு கையெழுத்தும்மா. இனிமே சித்தியோட எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாமாம்" என்று கடைக்காரர்கள் சொன்னதைக் கேஷவ் தமிழில் சொன்னான். அவளும் சந்தோஷமாகப் போட்டாள். அன்றிலிருந்து மாதம் பிறந்தால் போதும், அவள் பென்ஷனில் பாதியை அந்த பிளான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அவள் கையில் இருப்பதோ அதே பழைய பட்டன் போன்!

கணவர் போன பிறகு, யாரிடமும் கை நீட்டாமல் அவள் எடுத்துச் செலவழிக்க இருந்தது அந்தப் பென்ஷன் ஒன்றுதான். தங்கை பட்டுவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வர ரயில் டிக்கெட் எடுக்கவும் இப்போது மகனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவன் "பார்க்கலாம்மா" என்பான். பார்த்ததில்லை.

மகனும் மருமகளும் காலையில் ஹிஞ்சேவாடிக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை, வீட்டு வேலைக்கு வரும் பெண் மட்டுமே.

கேஷவ் கவுண்டரில் குனிந்து இந்தியில் பேசினான். வைஷாலி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். எதையோ பொறுமையாக விளக்கினாள்.

"என்னடா சொல்லுது அந்தப் பொண்ணு?"

"ரெண்டு வருஷ பிளானாம்மா. நடுவுல நிறுத்தவே முடியாதாம். கம்பெனி ரூலாம்."

ஆனந்தவல்லி மகன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "அப்படியா சொல்லுச்சு? நல்லாக் கேட்டியா?" என்றாள்.

"கேட்டுட்டேம்மா."

"இன்னொரு தடவை கேளுப்பா. எனக்காக."

அலுத்துக்கொண்டே மறுபடியும் கேட்டான். வைஷாலி இந்த முறை ஆனந்தவல்லியின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அதேதாம்மா. அவங்க கையில ஒண்ணும் இல்லையாம். பாக்கி மாசத்தையும் கட்டித்தான் ஆகணுமாம். விட்டுத் தள்ளும்மா, உனக்கு இங்க என்ன குறை? சாப்பாடு இல்லையா, துணிமணி இல்லையா?"

"வேற எதுவும் சொல்லலையா?"

"வேற என்ன சொல்லுவாங்க?"

ஆனந்தவல்லி முன்னால் சாய்ந்தாள். கவுண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம அவகிட்ட சொல்லு. பெத்த தாய் மாதிரி ஒருத்தி, நம்பிக் கையெழுத்துப் போட்டா. படிச்சிருக்க, நல்ல வேலையில இருக்க. அவ பென்ஷன்ல கை வைக்க எப்படி மனசு வந்துச்சு? வாயைத் திறந்து கேட்டிருந்தா அவளே எடுத்துக் குடுத்திருப்பாளே! சொல்லு."

சொல்லும்போது அவள் வைஷாலியைப் பார்க்கவே இல்லை.

கேஷவ் சொன்னான். அவ்வளவு பேச்சும் இந்தியில் நாலே வார்த்தையில் முடிந்துவிட்டது. வைஷாலி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா. ஸாரியாம். கிளம்பலாமா?"

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கம்பெனியில் கொடுத்தது என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும், அகலமான, பளபளக்கும் போன்.

"மேனேஜர்மா. ரெண்டே நிமிஷம், வெளியில போய்ப் பேசிட்டு வந்துடறேன். நீ பேசாம உக்காரு. பாஷை தெரியாம எதையாவது சொல்லிக் குழப்பி வைக்காத."

கண்ணாடிக் கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ஆனந்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நாற்காலியைக் கவுண்டருக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோடு ஒரு வருஷமாகப் பேசிப் பழகிய இந்தியில், நிதானமாகக் கேட்டாள்:

"பேட்டா, அந்த பிளானோடு கொடுத்த போனைத் திருப்பிக் கொடுத்து நான் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று ரெண்டு தடவை சொன்னாயே, அது எங்கே போடணும்? போனைத் தேடவேண்டாம், அதோ வெளியே நிற்கிறானே, அவன் காதில்தான் இருக்கிறது."