சொல்லிவிட்டுத் தொட வேண்டும்

“மறுபடியும் முதல்ல இருந்து செய்யுங்கக்கா,” என்று சிஸ்டர் மதிப்பெண் தாளைத் திருப்பி வைத்தார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அழுக்கு விரிப்பைச் சுருட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

இரண்டாவது தடவையும் போயிற்று.

தேர்வு ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. கட்டிலில் கிடக்கும் பொம்மையைப் புரட்ட வேண்டும். அதைக் கீழே இறக்காமலே, அடியில் இருக்கும் விரிப்பை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். அவ்வளவுதான்.

நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி வகுப்பில் பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்கு இருபது வயதுதான் இருக்கும். அவளுக்கு நாற்பத்தாறு. அதனால் எல்லோருக்கும் அவள் அக்கா. பாடம் நடத்தும் சிஸ்டருக்கும் அக்காதான்.

பதின்மூன்று பேரும் காலையிலேயே தேறிவிட்டார்கள். இப்போது சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஒருத்தி போட்ட விரிப்பில் முதுகுக்குக் கீழே மூன்று சுருக்கம். இன்னொருத்தி கட்டில் சக்கரத்துக்குப் பூட்டே போடவில்லை. ஆனால் இரண்டு பேரும், “ஐயா, வலிக்குதாய்யா? இதோ ஆச்சுய்யா,” என்று பொம்மையிடம் குழைந்தார்கள். போட்டாரே சிஸ்டர் மதிப்பெண்!

அவள் கையில் என்ன குறை? சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சக்கரத்தைப் பூட்டினாள். பொம்மையின் முட்டியை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒரே மூச்சில் ஒருக்களித்தாள். குதிகாலைப் பார்த்தாள், இடுப்பு எலும்பைப் பார்த்தாள். விரிப்பை இழுத்துச் செருகியபோது அதில் எறும்பு ஊர்ந்தாலும் தடுக்காது.

நான்கே நிமிடம். வேறு யாரும் எட்டு நிமிடத்துக்குக் குறைந்து முடிக்கவில்லை.

ஆனால் தாளில் மூன்றாவது வரி என்று ஒன்று இருந்தது. என்ன செய்யப்போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். அது விட்டுப்போனால் மற்றது எத்தனை சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

இரண்டு தடவையும் அங்கேதான் அவள் வாய் ஒட்டிக்கொண்டது.

“பொம்மைகிட்ட என்னத்தப் பேசுறது சிஸ்டர்? நிஜ ஆளுன்னா பேச மாட்டேனா?” என்றாள். குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது.

சிஸ்டர் கோபப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலருகே வந்தார்.

“படுத்துக் கிடக்கிறவங்களுக்கு யாரு எப்ப வந்து தொடுவாங்க, எந்தப் பக்கம் புரட்டுவாங்கன்னு ஒண்ணும் தெரியாதுக்கா. ஒவ்வொரு தடவையும் உசுரு ஒரு நொடி பதறும். ஒரு வார்த்தை சொன்னா அது அடங்கிடும். அதுக்குத்தான் இந்த மூணாவது வரி.”

அக்காவுக்குக் காது மடல் சுட்டது.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. இதுவும் போனால் அடுத்த வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் திரும்ப உட்கார வேண்டும். முதியோர் இல்லத்தில் திங்கட்கிழமை சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அந்த வேலை அவளுக்காகக் காத்துக் கிடக்குமா என்ன?

கை கழுவினாள். சக்கரத்தைப் பூட்டினாள். கட்டிலருகே வந்து நின்றாள்.

பொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இமை இல்லாத கண்.

சுவரோரம் யாரோ “ம், சொல்லுங்கக்கா,” என்று கிசுகிசுத்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ பேசத் தெரியாத குழந்தையிடம் சொல்வதுபோல!

தோள் பக்கம் கையைக் கொண்டுபோனாள். வாயைத் திறந்தாள். மூடினாள். சிஸ்டரின் பேனா தாளுக்கு மேலே அசையாமல் நின்றது.

“என்னங்க... அந்தப் பக்கம் திருப்பப் போறேன்.”

சுவரோரம் கொல்லென்று சிரிப்பு. “அக்கா வீட்டுக்காரரையே கூப்பிட்டுட்டாங்க!” என்றாள் ஒருத்தி.

சிஸ்டரும் சிரித்துவிட்டார். ஆனாலும் மூன்றாவது வரியில் குறி போட்டார். மிச்சத்தை அவர் பார்க்கக்கூட இல்லை. நான்கு நிமிடத்தில் விரிப்பு மாறியது. தாளின் அடியில் கையெழுத்து விழுந்தது.

பெண்கள் கைதட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

“கை இவ்வளவு பழகியிருக்கே, வீட்டுல யாரைப் பாத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் சிஸ்டர்.

“எங்க வீட்டுக்காரரைத்தான். படுத்த படுக்கையா நாலு வருஷம் இருந்தாரு. போன வருஷம் தவறிட்டாரு.”

“அடடா,” என்றார் சிஸ்டர். அவர் முகம் இளகியது. “அவருகிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டுத் திருப்புவீங்களா?”

இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனவரை, பக்கவாதம் வந்து வாயும் இழுத்துக்கொண்ட பிறகு, ஒரு வண்டியில் போட்டு அக்காவின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் உள்ளே எடுத்துக் கிடத்தினாள். வேளைக்கு ஊட்டினாள், துடைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டாள். நான்கு வருடத்தில் உடம்பில் ஒரு புண் வரவில்லை. இவளைப்போல் ஒருத்தி உண்டா என்று தெருவே பேசியது.

நான்கு வருடத்தில் அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. தொடப்போகும் ஒவ்வொரு தடவையும் அவர் கண் பதறியதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் திருப்பினாள்.

“ஆமா சிஸ்டர்,” என்றாள்.