கேட்டதற்கு மட்டும்

"இப்ப மணி என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார் வக்கீல் கிரேடி.

"பத்தேகால். இந்நேரம் கடையில ரெண்டு மெஷின் துணி போட்டிருப்பேன்" என்றாள் சலவைக் கடை வெர்னா.

"பாத்தீங்களா! தெரியுமான்னுதான் கேட்டேன். 'தெரியும்'. அதோட நிறுத்தணும். உண்மையை மட்டும் சொல்லுங்க. யூகிக்காதீங்க. கேக்காததைச் சொல்லவே சொல்லாதீங்க."

"நாக்கைக் கட்டிப்போடுன்னு சொல்றீங்க. சரிங்க வக்கீலய்யா."

கென்டக்கி மலைப்பக்கத்துச் சிற்றூர் அது. தபால்காரரை ஒரு வெள்ளைக் கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளைக் கார் வைத்திருந்த வெண்டெல் மீது வழக்கு; கிரேடி அவனுடைய வக்கீல். தோற்றால் வெண்டெலின் வீடே போய்விடும். நேரில் பார்த்த ஒரே சாட்சி வெர்னா. தொப்பிக்குக் கீழே பாதி முகம்தான் பார்த்தாளாம். வெண்டெலின் போட்டோவைக் காட்டியபோது, "நேர்ல பாத்தாத்தான் சொல்லுவேன்" என்றுவிட்டாள்.

"நேர்லயே பாக்கட்டும். நான் இல்லவே இல்லை" என்று வெண்டெல் தானே வந்து உட்கார்ந்தான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போகுமுன், தபால்காரரின் வக்கீல் ப்ரூவிட்டின் அலுவலகத்தில் சாட்சியம் பதிவானது. மேசைக் கோடியில் வெண்டெல். அவன் பக்கத்தில், சொல்வதை எல்லாம் தட்டச்சு செய்யும் சுருக்கெழுத்தர் லூயெல்லா. அவள்தான் வெர்னாவைக் கை உயர்த்தச் சொல்லி, சத்தியம் வாங்கினாள். அப்போதே வெர்னாவின் பார்வை அந்தக் கோடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"கார் ஓட்டினவங்க முகத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டார் ப்ரூவிட்.

"பாத்தேன்."

"அவங்க இப்ப இந்த அறையில இருக்காங்களா?"

வெர்னா மேசைக் கோடியைப் பார்த்தாள். "ஆமா."

வெண்டெலின் முகம் வெளுத்தது. "போதும்" என்று ப்ரூவிட் கோப்பை மூடினார். மேலும் தோண்டினால் சாட்சி குழம்பிவிடலாம் அல்லவா? தோண்டினால் இன்னும் மோசமாகும் என்று கிரேடியும் குறுக்குக் கேள்வி கேட்காமல் எழுந்துகொண்டார்.

"சத்தியமா நான் இல்லைங்க" என்று வாசலில் வெண்டெல் அழுதான். கிரேடி நம்பவில்லை. "பேசாம சமாதானமா போயிடு" என்றார்.

பத்து நாளில் சாட்சியத்தின் தட்டச்சுப் பிரதி கிரேடியின் அலுவலகத்துக்கு வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்த வெர்னா, முப்பத்தோராம் பக்கத்தில் விரல் வைத்தாள்.

"இங்க தப்பா இருக்கு. 'அறையில இருக்காங்களா'ன்னதுக்கு நான் 'ஆமா'ன்னேன். 'இல்லை'ன்னு போட்டிருக்கு."

கிரேடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'இல்லை'தான். கீழே, 'சொன்னதைச் சொன்னபடியே பதிவு செய்தேன்' என்று லூயெல்லாவின் உறுதிமொழி, கையெழுத்து.

"இருபது வருஷமா ஒரு கமா கூடத் தப்பினதில்லையே அந்தம்மா! இதை எப்படி மாத்தி அடிச்சாங்க?"

"என்னைத்தான் கேக்கறீங்களா, வக்கீலய்யா? பதில் சொல்லலாமா?"

"சொல்லித் தொலைங்க!"

"கார் ஓட்டினதே அந்தம்மாதானே."