கடைசிப் பத்தி

“வாலை வெட்டும்மா. மெத்தை விளம்பரம் வந்திருக்கு, நாலு விரல் இடம் வேணும்.”

செய்தி ஆசிரியர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். இடம் போதாவிட்டால் எந்தச் செய்தியையும் அடியிலிருந்து வெட்டுவார். முக்கியமானது மேலே இருக்கும், அடியில் இருப்பது போனால் யாரும் தேட மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

“இதுல வால்தான் சார் உயிர்,” என்றாள் உதவி ஆசிரியை.

ஏழாம் பக்கச் செய்தி அது. ஓர் ஆய்வுக் குழு, பிரசவத்துக்குப் பின் சேகரித்த தொப்புள்கொடிகளைச் சோதித்திருந்தது. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களின் கொடிகளில் ரத்தக் குழாய்கள் சற்று அதிகமாகச் சுருங்கின. இது தலைப்பிலேயே இருந்தது. அதனால் குழந்தைக்குக் கெடுதல் உண்டா என்பது இன்னும் தெரியாது, மனச்சோர்வை மருந்தில்லாமல் விடுவதும் ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் கடைசிப் பத்தியில் இருந்தது.

“மேலே இருக்கறதை மட்டும் படிச்சா, நாளைக்குக் காலையில ஒருத்தி மாத்திரையைக் குப்பையில போட்டுடுவா சார்.”

“ஒருத்திதானே?”

“ஒருத்தி போதாதா?”

பக்கம் வடிவமைப்பவர் நாற்காலியைத் திருப்பினார். “சார், வேணும்னா மெத்தையைக் கொஞ்சம் சுருக்கட்டுமா?”

“ஒற்றைக் கட்டில் மெத்தையா ஆக்கிடுவியா? போய்யா!” கத்தரி அவள் பக்கம் திரும்பினார். “எத்தனை பேர் வீட்டுலம்மா இந்த மாத்திரை இருக்கு? என் பொண்ணுக்கு இது ஆறாம் மாசம். மாத்திரையாவது மண்ணாவது! போன் பண்ணினா ஒரே சிரிப்பு.”

“சரி சார். வாலைத் தூக்கித் தலையில வெச்சுடறேன். அடியில எதை வேணா வெட்டிக்குங்க.”

“எடுத்த எடுப்பிலேயே ‘இன்னும் தெரியாது’ன்னு போட்டா எவன் படிப்பான்?”

“பயந்தவ படிப்பா.”

“ஆய்வு செஞ்சவங்களே அதைக் கடைசியிலதானே சொல்லியிருக்காங்க?”

“ஆய்வை நடத்தின அம்மாகிட்டயே போன்ல பேசினேன் சார். ‘எல்லாப் பேப்பர்லயும் அதைத்தான் முதல்ல வெட்டறாங்க, நீங்களாவது விட்டு வைங்க’ன்னு அழாத குறையாச் சொன்னாங்க.”

கத்தரி பேனாவை மேஜையில் வைத்தார். “இத்தனை வருஷத்துல ஒரு பத்திக்காக நீ இப்படி மல்லுக்கு நின்னதில்லையே. என்ன, அந்த மாத்திரை சாப்பிடற ஆளா நீ?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

அவள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “ஆமா சார். பையன் வயித்துல இருந்தப்ப. நாலாம் மாசம் யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திட்டேன். அப்புறம் படுக்கையை விட்டே எழுந்திருக்க முடியல. தலை வாரலை, சாப்பிடலை. திரும்ப ஆரம்பிச்சதும்தான் மனுஷியானேன்.”



“அப்போ... டைபாய்டுன்னு சொல்லி அப்ப நீ போட்ட லீவு?” என்றார் கத்தரி.

அவள் திரையில் அந்தப் பத்தியை மேலும் கீழும் உருட்டினாள்.

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? ‘மனசைத் தேத்திக்கோ, எல்லாம் சரியாயிடும்’னு.”

கத்தரி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஏழாம் பக்கத்தைத் திரையில் பார்த்தார். அதே பக்கத்தின் ஓரத்தில், அவர் படத்துடன் வாராவாரம் வெளிவரும் கட்டுரை இருந்தது. அதில் ஒரு வார்த்தையைத் தொடக்கூட அவர் யாரையும் விட்டதில்லை.

“இவங்க செய்தி முழுசாப் போகட்டும். அந்தப் பத்தி தலையில. தலைப்பையும் மாத்து, ‘டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்’னு வரட்டும்,” என்றார் வடிவமைப்பவரிடம்.

“மெத்தைக்கு இடம் சார்?”

“என்னோடதுல வாலை வெட்டுய்யா.”

பக்கம் அச்சுக்குப் போனது. வெளியே வெளிச்சம் மங்குவதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று போன் செய்தாள்.

“போட்டாச்சு. தலைப்பிலேயே இருக்கு. காலையில, மாத்திரையை நிறுத்தச் சொல்ற உன் மாமியார் கையில பேப்பரைக் கொடு, அவங்களே படிக்கட்டும். நீ மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடு, நாளைக்கு டாக்டரைப் பாரு. என்ன?”



“அப்பா எப்படிக்கா ஒத்துக்கிட்டாரு?” என்றாள் செய்தி ஆசிரியரின் மகள். “என்னைப் பத்திச் சொல்லிட்டீங்களா?”

“உன் கதையைத்தான் சொன்னேன். என் பேருல.”