போகாத சேதி

"கருவுல குறையே இல்லம்மா. அது பதியணும்னா கருப்பைச் சுவர்ல இருக்கற செல்லுங்க 'வா'ன்னு சேதி அனுப்பணும். உங்களோடது அனுப்பல," என்றார் டாக்டர்.

பானுப்ரியாவின் கையைத் தங்கை அனுசுயா பிடித்துக்கொண்டாள்.

திருத்தணி பஸ்ஸில் ஏறியதும் பானுப்ரியா உடைந்துபோனாள்.

"மலையில தொட்டில் கட்டினோமேடி!"

"அழாதக்கா. வூட்ல உன் பசங்க ரெண்டு பேரும் பாத்துகினு இருப்பாங்க."

"அதாண்டி தாங்கல. அதுங்கள ஏத்துக்கின வயிறு, உன் புள்ளைய ஏத்துக்கலையே!"

புற்றுநோய்க்குக் கருப்பையைப் பறிகொடுத்திருந்த அனுசுயா, வயிற்றுத் தழும்பைப் புடவையோடு அழுத்திக்கொண்டாள்.

"உன்னக் கட்டின பாவா இதோட போதும்னுட்டாரு, தெரியும். ஆனா எங்க கரு இன்னும் ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்குது. கடைசியா ஒருதரம் சுமப்பியாக்கா?"