ஆறாவது ஓட்டு

நாம் ஐந்து பேர்தானே, ஆறு ஓட்டு எப்படி வந்தது என்று அவள் மனதுக்குள் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருளை அந்த ஐந்து பேரும் சேர்ந்து பராமரித்தார்கள். எதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஒருவர் மறுத்தாலும் விஷயம் ஒரு வாரம் தள்ளிப்போகும். போன வருஷம் இறந்துபோன ஆறாமவர் எல்லாவற்றையும் மறுத்தே 'முட்டுக்கட்டை' என்று பெயர் வாங்கியவர். அவரால் தள்ளிப்போன வாரத்தில் எப்படியும் ஒரு பிழை அகப்படும்.

இன்றைய ஓட்டு, உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுப்பது பற்றி. ஐந்து பேரும் சரி என்றிருந்தார்கள், அவளும்தான். ஆறாவது அவருடைய கணக்கிலிருந்து வந்திருந்தது. "வேண்டாம். டீ குடிச்சிட்டு யோசிப்போம்." அவர் இறந்ததும் அந்தக் கணக்கை மூடியதே அவள்தான்.

ஓட்டு எண்ணுவது அவள் பொறுப்பு என்பதால் குழுத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"செத்தும் முட்டுக்கட்டையா இந்த மனுஷன்? யாரோ விளையாடுறாங்கம்மா. அதை அழிச்சிட்டு முடிவைப் போட்டுடு."

அவள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"ஒரு வாரம் போகட்டும் சார்," என்றாள். "நான் அழிக்கலை."